அஸருக்குப் பிறகு காற்று

பன்னீர்செல்வம் ஷெட்டுத் தரையில் கொடியை விரித்துப் போட்டு, அதன் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். புதுத்துணி. துபாய் தேராவில் ஒரு தையல்கடையில் அளவு சொல்லித் தைத்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து உதறியபோது கடைக்காரனுடைய ஊதுபத்தி வாசம் இன்னும் அதில் இருந்தது. இரண்டு ஆள் கை காலை நீட்டிப் படுத்தாலும் இடம் மிச்சமிருக்கும், அவ்வளவு பெரிசு. கம்பத்தோடு ஒட்டுகிற ஓரத்தில் சிவப்பு மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டையாக இறங்கியது. அதிலிருந்து பச்சை, வெள்ளை, கறுப்பு மூன்றும் கிடையாக ஓடின. சிமெண்டுத் தூசி ஒட்டிவிடக் கூடாதென்று அடியில் படுதா போட்டிருந்தான். கையையும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான். சாரம் கட்டுகிற கை. எவ்வளவு கழுவினாலும் இரும்புக் குழாயின் துரு ரேகையை விட்டுப் போவதில்லை.

மேல் மூலைக்கு ஒரு முடிச்சு, கீழ் மூலைக்கு ஒரு முடிச்சு. அதைப் போட அவனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. பேசிக்கொண்டே போட்டான். பிறகு துணியை அகலவாட்டில் மடித்து, அதற்குள் பூவிதழைக் கொட்டி, சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருக்கிக் கட்டாக்கினான். கீழ்க்கயிற்றாலேயே அந்தக் கட்டைச் சுற்றி, ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி வளையம் விட்டு இறுக்கினான்.

பூ வாங்கி வந்தவர் செய்கு முகம்மது. கம்பெனி பிக்கப் ஓட்டுகிறவர், ராமநாதபுரம் பக்கம். விடியற்காலையிலேயே பர்துபாய் போய், கோயில் சந்தில் செண்டுப்பூவும் ரோஜாவும் கேரிபேக் நிறைய வாங்கி வந்திருந்தார்.

"எத்தன முழம்னு கேக்குறான் கடைக்காரன். முழம் வேணாம்யா, உதிரியா குடுன்னேன். எந்தச் சாமிக்கு பாய்ங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எஞ்சினியர் சாமிக்குன்னேன்."

எஞ்சினியர் சிவசங்கரன் அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தார். திருச்சிக்காரர். பூ அவருடைய யோசனை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்கு இப்படித்தான் செய்வார்களாம். இங்கே யாரும் செய்வதில்லை, அதனால் அர்பாப் அசந்து போவார் என்றார். முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். பன்னீர்செல்வம் மடிப்பதற்கு முன்பே ஒரு தடவை வந்து, விரித்துக் கிடந்த கொடியையும் முடிச்சையும் குனிந்து பார்த்து, "கரெக்ட்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது கட்டைப் பார்த்தார்.

"இழுத்தா ஒழுங்கா அவுறுமா?"

"அவுறும் சார்."

"மாட்டிக்கிச்சுன்னா மானம் போயிரும் பன்னீர்."

"மாட்டாது சார். ஊர்ல எத்தனை கட்டியிருக்கேன்."

அது உண்மை. வேப்பந்தட்டைப் பக்கத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் கம்பம் நட, கொடி கட்ட அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்குக் கட்சியில் பெரிய பிடிப்பு ஒன்றும் கிடையாது. சவுக்கு மரத்தில் சர்ரென்று ஏறத் தெரியும், உச்சியில் ஒரு கையால் முடிச்சுப் போடத் தெரியும், அவ்வளவுதான். கொடி கட்டிய இரவுகளில் புரோட்டா கிடைக்கும்.

கட்டைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினார்கள். கேம்புக்கும் யார்டுக்கும் நடுவில், மெயின் கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக நட்ட இரும்புக் கம்பம். கயிறு கப்பியில் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. மேலே போனதும் அது ஒரு சின்னப் பொட்டலமாகத் தெரிந்தது. நிறம் எதுவும் தெரியவில்லை, கொஞ்சம் சிவப்பு மட்டும்.

கேம்பில் அந்த நாளுக்குக் கொடி லீவு என்று பெயர். தேசிய தினம் என்று பி.ஆர்.ஓ. ஒட்டுகிற நோட்டீசில் இருக்கும், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டிசம்பர் தொடங்கும்போது ரோட்டு விளக்குக் கம்பங்களிலெல்லாம் கொடி வரும், கார்களின் மூக்கில் வரும், ஒரு நாள் டூட்டி இருக்காது. அந்த ஒரு நாள் தூக்கத்தை வைத்துத்தான் மற்றவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கம்பெனியில் மட்டும் இன்னொன்றும் உண்டு. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுடைய பாஸ்போர்ட்டை அர்பாப் அன்றைக்குத் தன் கையால் கொடுப்பார், கூடவே ஒரு பேரீச்சம்பழ டப்பாவும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படியாம். பிடித்த முகமாக இருந்தால் தோளில் தட்டுவார். ஒரு வருஷம் ஏதோ கோபத்தில் ஒருவனுடைய பாஸ்போர்ட்டைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றும், அவன் ஊருக்குப் போக அடுத்த கோடை ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள்.

இந்தத் தடவை பன்னீர்செல்வம் பெயர் இருந்தது. நாளைக்கு மறுநாள் பிளைட். அவன் பெண்டாட்டி நாகவள்ளிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, அவனுக்கு லீவு கிடைக்காமல் அவளே இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டாள். மூன்றாவது தடவை டாக்டர் அம்மா அவளைத் திட்டியிருக்கிறார். இனிமேல் தள்ளினால் நான் பொறுப்பில்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்று. போனில் இதைச் சொன்னபோது நாகவள்ளி அழவில்லை.

"நீ வந்து ஒண்ணும் பண்ண வேணாம். வெளிய பெஞ்சுல உக்காந்திரு. கதவு தெறக்கறப்ப ஒரு ஆளு உக்காந்திருந்தாப் போதும்."

அவன் வரேன் என்றான். அவள், "போன தடவையும் வரேன்னுதான் சொன்ன" என்றாள். அதற்குள் கார்டு முடிந்துவிட்டது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் யார்டில் நாற்காலியும் கம்பளமும் போட்டு முடித்திருந்தார்கள். ஆட்கள் குளித்து, பெட்டியில் வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். நேபாளிகள் ஒரு பக்கம், பெங்காலிகள் ஒரு பக்கம், பட்டான்கள் ஒரு பக்கம். நம் ஆட்கள் தண்ணீர் டேங்க் அடியில். அந்த டேங்க் நிழலில் ஒருத்தரும் பங்கு கேட்டதில்லை, அது எப்படியோ தமிழாட்களுக்கென்று ஆகிவிட்டது. ஜெபல் அலித் துறைமுகப் பக்கம் கிரேன்கள் ஆடாமல் நின்றன. காற்று துளியும் இல்லை. கரண்டுக் கம்பியில் மாட்டியிருந்த பாலிதீன் பை கூட அசையவில்லை.

செய்கு முகம்மது பிரியாணி தேக்சாக்களை ஏற்றிக்கொண்டு வந்து பிக்கப்பை நிறுத்தினார். பன்னீர்செல்வம் இறக்கக் கை கொடுக்கப் போனான். வண்டியின் கதவில் ஒரு கொடி ஸ்டிக்கர் புதுசாக ஒட்டியிருந்தது. பெட்ரோல் பம்பில் சும்மா கொடுத்தார்களாம்.

அவன் தேக்சாவின் ஒரு பக்கக் காதைப் பிடித்தபடி அதைப் பார்த்தான். பச்சை மேலே இருந்தது. நடுவில் வெள்ளை. கறுப்பு கீழே.

"புடிய்யா, சுடுது" என்றார் செய்கு முகம்மது.

"பாய், இத யாரு ஒட்டுனது?"

"நாந்தான்."

"தலகீழா ஒட்டியிருக்கீங்க."

"ஏன், எழுத்து நேராத்தானே இருக்கு." ஸ்டிக்கரின் அடியில் பம்புக்காரன் பெயர் நேராக இருந்தது.

பன்னீர்செல்வம் தேக்சாவை இறக்கி வைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே போனான். எதிர் வேர்ஹவுஸ் வாசலில் ஒரு கொடி, காற்றில்லாமல் சுருண்டு தொங்கியது. அதில் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் போனது, ஜன்னலில் சின்னக் கொடி படபடத்தது. பச்சை மேலே. அதன் பின்னால் ஒரு பஸ், அதன் பக்கவாட்டில் பெரிசாக. பச்சை மேலே. ஏழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறான். எத்தனை டிசம்பர், எத்தனை ஆயிரம் கொடி. கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் பார்த்ததில்லை. சாரத்தின் மேல் நின்று கட்டடத்துக்கு அதைக் கட்டிவிட்ட ஆட்களுக்குக் கீழேயிருந்து கயிறு கூட எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

கொடியை விரித்ததும் அவன் கை கறுப்பைத் தேடியது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. கறுப்பு மேலே, சிவப்பு கீழே. ஊர்க் கட்சிக்கொடியில் யோசிக்க ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இங்கே சிவப்பு ஓரமாக நின்றுவிட்டது, அதைக் கீழே போட வழியில்லை. கறுப்பை மட்டும் கை தானாக எடுத்து மேல்கயிற்றில் கட்டிவிட்டது. எஞ்சினியரும் குனிந்து பார்த்துவிட்டு கரெக்ட் என்றார். அவர் வளர்ந்த ஊரிலும் அதே கொடிதான் எல்லாத் தெருமுனையிலும்.

டேங்க் அடியிலிருந்து அன்பரசன் குரல் கொடுத்தான். விழுப்புரத்துக்காரன், ஒரே ரூம்.

"யோவ் பன்னீரு, பொண்டாட்டியப் பாக்கப் போறவன் மூஞ்சியாய்யா இது? எழவு வூட்டுக்குப் போறவனாட்டம் நிக்கற."

பன்னீர்செல்வம் கம்பத்தைப் பார்த்தான். கட்டைக் கீழே இறக்க வேண்டுமென்றால் கீழ்க்கயிற்றைத்தான் இழுக்க வேண்டும். அதை இழுத்தால் முடிச்சு அவிழும், அவிழ்ந்தால் பூ கொட்டும். அவன் போட்ட முடிச்சு அவ்வளவு நன்றாக வேலை செய்யும். எல்லா ஆட்களுக்கும் முன்னால் அர்பாப் இழுக்க வேண்டிய கயிற்றை அவன் இழுத்தவனாவான். இழுக்காமல் விட்டால் அர்பாப் இழுத்து, அவருடைய நாட்டுக் கொடியை அவருடைய கையாலேயே தலைகீழாகப் பறக்கவிட்டவராவார். எங்கோ ஒரு கேம்பில் ஒரு பெங்காலி கொடித்துணி என்று தெரியாமல் அதில் லாரிக் கண்ணாடியைத் துடைத்ததாகவும், மறுநாள் அவன் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்ததாகவும் ஒரு கதை உண்டு. எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று யாரைக் கேட்டாலும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் அந்தச் சுருட்டி வைத்த மெத்தை மட்டும் தெரியும்.

அவன் போய் சிவசங்கரனிடம் சொன்னான். அவர் இஸ்திரி போட்ட கோட்டில் வியர்த்துக்கொண்டு நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார், பிக்கப் கதவைப் பார்த்தார், மறுபடி கம்பத்தைப் பார்த்தார். உதடு ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது.

"நான் மார்னிங் வந்தப்ப நீ மடிச்சு முடிச்சுட்ட. அப்படித்தானே?"

"இல்ல சார், நீங்க பாத்து…"

"மடிச்சு முடிச்சுட்ட பன்னீர். நான் பொட்டலத்தத்தான் பாத்தேன்."

பன்னீர்செல்வம் அவருடைய ஷூவைப் பார்த்தான். அதில் ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

"காத்து இல்ல" என்றார் அவர், இப்போது கொஞ்சம் தணிந்து. "பாரு, ஒரு பொட்டுக் காத்து இல்ல. இழுத்தா அப்படியே தொங்கும். தொங்குனா செவப்புதான் தெரியும். அவரு பத்து நிமிஷம் நிப்பாரு, பாஸ்போர்ட் குடுப்பாரு, போயிருவாரு. போனதும் மாத்திரு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

சொல்லிவிட்டுத் தன்னுடைய நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்திலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அர்பாபின் லேண்ட் குரூசர் கேட்டில் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். வயசானவர். கைத்தடி ஊன்றித்தான் நடப்பார், ஆனால் யாரையும் கை பிடிக்க விடமாட்டார். மலையாளி பி.ஆர்.ஓ. பின்னாலேயே பாஸ்போர்ட் கவரும் டப்பாக்களும் எடுத்து வந்து மேசையில் அடுக்கினான். பன்னீர்செல்வம் கம்பத்தடியில் நின்று கயிற்றை எடுத்து அர்பாபின் கையில் கொடுத்தான். அந்தக் கை அவன் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கயிறு தெரிந்த கை. எதை இழுக்க வேண்டுமென்று அவன் காட்டுவதற்கு முன்பே சரியான கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

முடிச்சு அவிழ்ந்தது. மஞ்சளும் சிவப்புமாக இதழ்கள் உதிர்ந்து, காற்றில்லாததால் சிதறாமல் நேராக அவர் மேலேயே இறங்கின. தலைத்துணியில், தோளில், தாடியில். நேபாளிகள் பக்கமிருந்து கைதட்டல் கிளம்பி மற்றவர்களுக்கும் பரவியது. அர்பாப் தாடியிலிருந்து ஒரு இதழை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஷூ ஹாதா?"

இதென்ன என்று கேட்கிறார். சிவசங்கரன் தூரத்திலிருந்தே, "இந்தியன் ட்ரெடிஷன் சார்" என்றார். கிழவருக்குச் சந்தோஷம். சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். கொடி துவைத்துப் பிழிந்து போட்ட வேட்டி மாதிரி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. சிவப்பு தெரிந்தது, உள்மடிப்பில் இருட்டாக ஏதோ தெரிந்தது.

"மாஃபி ஹவா" என்றார்.

"மாஃபி ஹவா அர்பாப்" என்றான் பன்னீர்செல்வம். காற்று இல்லை. அவன் அன்று அவரிடம் சொன்னது அது ஒன்றுதான், அதுவும் முழு உண்மை.

கிழவர் போகவில்லை. தடியை ஊன்றி, கடல் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்று முகத்தைத் தூக்கினார். ஒரு கன்னத்தைக் காட்டினார், பிறகு மறு கன்னத்தை. இளமையில் பாய்மரத்தில் சரக்கேற்றிக்கொண்டு போனவர் என்று கேம்பில் பேச்சு உண்டு. அரபியில் ஏதோ நீளமாகச் சொன்னார். பி.ஆர்.ஓ. திரும்பி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான்.

"அஸர் தொழுகை கழிஞ்சா காத்து வரும்னு அர்பாப் பறயுன்னு. இங்கயே நிஸ்கரிச்சு, கொடி பறக்கறது கண்டிட்டே போவும். பாஸ்போர்ட்டும் அப்பத்தான்."

சிவசங்கரன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உடனே எழுந்தார், பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். போன் அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

பன்னீர்செல்வம் கம்பத்தடியிலேயே நின்றான். காற்று வரும் என்று கிழவர் சொன்னால் வரும். அந்த ஆள் சொன்ன விதம் அப்படி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில், அவரே அண்ணாந்து காத்திருக்கையில், கறுப்பு மேலே விரியும். அதற்கப்புறம் பி.ஆர்.ஓ. பெயர் வாசிப்பானா மாட்டானா. பெரம்பலூர் ஆஸ்பத்திரியை அவன் பார்த்ததில்லை, பெஞ்சு எப்படி இருக்கும் என்று தெரியாது. கேம்பு மெஸ்ஸில் கிடக்கிற நீலப் பிளாஸ்டிக் பெஞ்சுதான் அவனுக்குத் தெரிந்தது. அதில் யாரும் இல்லாமல் இருப்பதைப் பார்த்தான்.

பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். யார்டின் மேற்கோரத்தில் கம்பளங்களை வரிசையாக விரித்தார்கள். பட்டான்கள், பெங்காலிகள், மலையாளிகளில் பாதிப்பேர், அர்பாபின் டிரைவர், பி.ஆர்.ஓ. எல்லோரும் குழாயடிக்குப் போனார்கள். கம்பம் கேட்டருகே, கிழக்கில். பன்னீர்செல்வம் கம்பளங்களைப் பார்த்தான். அவை பார்க்கிற திசையைப் பார்த்தான். சூரியன் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. தொழுகிறவர்கள் எல்லோருடைய முதுகும் கம்பத்தின் பக்கம் இருக்கும்.

அவன் குழாயடிக்குப் போனான். செய்கு முகம்மது முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டு தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார். கேம்புத் தொழுகையில் முன்னால் நிற்பவர் அவர்தான். நன்றாக ஓதுவார் என்று பட்டான்களே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாய், இன்னிக்கும் நீங்கதானே முன்னால?"

"அர்பாப் நிக்கச் சொல்லிட்டாரு. ஏன்?"

பன்னீர்செல்வம் சொன்னான். தணிந்த குரலில், எல்லாவற்றையும். செய்கு முகம்மது கம்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் அவர் கையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"கட்சிக்காரன் கையில கொடியக் குடுத்தா இப்படித்தான்" என்றார். சிரிக்கவில்லை.

"கொஞ்சம் நீட்டித் தொழுதீங்கன்னா…"

அவர் குழாயை மூடினார்.

"அது ஓன் கொடிக்கும் அவரு கொடிக்கும் நீட்டுறது இல்ல பன்னீரு."

"தப்புத்தான் பாய்."

"நீட்டவும் மாட்டேன், சுருக்கவும் மாட்டேன். எப்பவும் போலத் தொழுவேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டடி போனவர் நின்றார். "எப்பவும் நான் நிதானமாத்தான் தொழுவேன். பிரியாணி ஆறிப்போவுதுன்னு அந்த அன்பரசன் திட்டுவான், அவனக் கேளு."

வரிசை நின்றது. முன்னால் செய்கு முகம்மது தனியாக, அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் அர்பாப். தடியைப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். தொழுகை தொடங்கும் தக்பீர் சொன்ன சத்தம் கேட்டதும் பன்னீர்செல்வம் கீழ்க்கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

கப்பி கிறீச்சிட்டது. காலையில் இவ்வளவு சத்தமா போட்டது இது என்று தோன்றியது. இழுப்பதை மெதுவாக்கினான், மெதுவாக இழுத்தால் சத்தம் இன்னும் நீளமாக வந்தது. டேங்க் அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். அன்பரசன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பன்னீர்செல்வத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பிறகு எழுந்து வந்து காலித் தேக்சா மூடி ஒன்றை எடுத்து, இன்னொரு மூடியோடு லேசாகத் தட்டித் தட்டி அடுக்க ஆரம்பித்தான். எதற்கென்று தெரியாமலே செய்தான். அந்தச் சத்தத்தில் கப்பியின் சத்தம் கொஞ்சம் கலந்துகொண்டது.

வரிசை குனிந்தது, நிமிர்ந்தது, தரையில் நெற்றி வைத்தது. கொடி கைக்கு வந்தது. மேல்முடிச்சு இறுகியிருந்தது. காலையில் எஞ்சினியருக்காக ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டது. பல்லால் கடித்து இழுத்தான். அவிழ்ந்தது. கீழ்முடிச்சும் அவிழ்ந்தது. பச்சை மேலே, பச்சை மேலே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பச்சை மூலையை எடுத்து மேல்கயிற்றுக்குக் கொண்டுபோனான்.

அப்போது அவன் பிடரியில் ஏதோ குளிர்ந்தது. கரண்டுக் கம்பியில் இருந்த பாலிதீன் பை ஒரு தடவை உப்பி அடங்கியது. அடுத்த மூச்சில் துணி அவன் கையிலிருந்து ஒரு மாடு திமிறுவது போலத் திமிறியது. இரண்டு மூலையும் கையை விட்டுப் போய், முகத்தில் அறைந்து, கம்பத்தைச் சுற்றிக்கொண்டது. அவன் அதைக் கட்டிப்பிடித்தான். தரையில் பட விடவில்லை. பட்டிருந்தால் அது வேறு குற்றம். மார்போடு அணைத்துச் சுருட்டி, விரலால் ஒரு மூலையைத் துழாவி எடுத்தான். கண் வரிசையின் மேல் இருந்தது. அவர்கள் கடைசி உட்காரலில் இருந்தார்கள். செய்கு முகம்மதுவின் முதுகு அசையவில்லை. அவர் நீட்டுகிறாரா, எப்போதும் இவ்வளவு நேரம்தானா என்று பன்னீர்செல்வத்துக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவன் அதைக் கவனித்ததில்லை. அந்த முதுகுக்கு மேலே வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கை தானாக முடிச்சுப் போட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஏற்றினான்.

அவர்கள் முகத்தை வலப்பக்கம் திருப்பினார்கள். தொழுகையை முடிக்கிற ஸலாம். கொடி முக்கால் கம்பம் போயிருந்தது. இடப்பக்கம் திருப்பினார்கள். அவன் கயிற்றை இழுத்து வளையத்தில் சுற்றிக் கட்டினான். மேலே துணி பட்டென்று ஒரு அடி அடித்து விரிகிற சத்தம் கேட்டது.

அண்ணாந்து பார்த்தான். வெயிலைப் பார்த்துப் பார்த்து இருண்ட கண்ணுக்கு எல்லாப் பட்டையும் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தான். பச்சையாக ஒரு வட்டம் மிதந்தது, அது கொடியில் இருக்கிறதா கண்ணுக்குள் இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பச்சை மூலையை எடுத்தது ஞாபகம் இருந்தது. காற்று வந்தது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் விரல் துழாவி எடுத்த மூலை எது என்று விரலைக் கேட்டால்தான் உண்டு. குனிந்தான். மணலில் கொடியின் நிழல் அலைந்துகொண்டிருந்தது. நிழலில் எந்தப் பட்டையும் இல்லை.

அர்பாப் எழுந்து திரும்பினார். அவருக்கு வெயில் முதுகுப் பக்கம். தடியை வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் நடந்து வந்தவர் நின்று, ஒரு கையை நெற்றிக்குக் கொடுத்து மேலே பார்த்தார். செய்கு முகம்மது கம்பளத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார், இன்னும் மேற்கே பார்த்துக்கொண்டு. ஷெட்டு வாசலில் சிவசங்கரன் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

பி.ஆர்.ஓ. மேசையிலிருந்து முதல் கவரை எடுத்து அர்பாபின் கையில் வைத்துவிட்டு உரக்க வாசித்தான்.

"பனீர் செல்வம்."

நம் ஆட்கள் பக்கம் வழக்கம் போல ஒரு சிரிப்பு எழுந்தது. யாரோ, "மட்டர் உண்டா?" என்றான். பன்னீர்செல்வம் கயிற்றை விட்டான். திரும்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடலாம், ஆனால் அவன் பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நடந்தான். பின்னால் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கடற்காற்று, விடாமல் வீசியது. தரையில் கிடந்த செண்டுப்பூ இதழ்கள் அவனோடு கூடவே உருண்டு வந்தன.

மேசைக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினான். அர்பாபின் இடக்கையில் பாஸ்போர்ட் இருந்தது. தலைத்துணியின் கறுப்பு வளையத்தில் ஒரு மஞ்சள் இதழ் இன்னும் செருகிக்கொண்டிருந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை. வெயில் விழாத அந்தப் பழுப்புக் கண்கள் அவனுடைய தலைக்கு மேலே எங்கோ நிலைத்திருந்தன, அவற்றுக்குள் கொடி சின்னதாக, நிறம் தெரியாமல், நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது.